விரலிடுக்கில் தெரிந்த முகம்

தத்தெடுத்த பிள்ளைகளைப் பற்றிப் பலர் எழுதியிருப்பதைப் படித்தபின், எங்கள் பக்கத்து வீட்டில் நான் கண்டதையும் சொல்லத் தோன்றுகிறது. நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். அடுத்த வீட்டுக்காரர்கள் யூதர்கள்; நெடுநாள் காத்திருந்து, இரண்டு வயது நிறையாத ஓர் ஆண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். அதுவரை அவனை வளர்த்த வேறோர் அம்மாவின் வீட்டிலிருந்து, கையில் ஒரு பழைய மஞ்சள் துணியுடன் அவன் வந்து சேர்ந்தான்.

அவன் வந்த சில வாரங்களில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை என்னையும் உணவுக்கு அழைத்திருந்தார்கள். யூதர்களின் ஓய்வுநாளான சப்பாத் அன்று மாலையே தொடங்கிவிடுகிறது. சூரியன் மறைவதற்கு 18 நிமிடங்களுக்கு முன் விளக்கேற்றுவது பரவலான வழக்கம். அந்த அம்மா இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி, நாம் தீபாராதனையை ஒற்றிக்கொள்வதைப் போலச் சுடருக்கு மேலிருந்து மூன்று முறை கைகளைத் தம் பக்கம் அணைத்து, பின் இரு கைகளாலும் கண்களை மூடிக்கொண்டு எபிரேயத்தில் வேண்டுதலைச் சொல்லத் தொடங்கினார். உடனே குழந்தை வீறிட்டான். ஏற்கெனவே ஒரு முகத்தைப் பிரிந்து வந்த பிள்ளைக்கு இந்த முகமும் கண்முன்னே மறைந்தால் என்ன தோன்றியிருக்கும் என்று நினைக்கையில் இன்றும் என் வயிறு கலங்குகிறது.

அடுத்த வாரம் அவர் வழக்கத்தை விடவில்லை. விரல்களை மட்டும் சற்று விலக்கிக்கொண்டார். பாட்டியின் இடுப்பில் இருந்தபடி குழந்தை அந்த இடுக்கு வழியே அம்மாவின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாரங்கள் செல்லச் செல்ல அது அவனுக்குக் கண்ணாமூச்சி ஆயிற்று. குளிர்காலம் என்பதால் மாலை நாலேகாலுக்கெல்லாம் விளக்கேற்றும் நேரம் வந்துவிடும். அவன் தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும் வேளை அது.

விளக்குக்குப் பிறகு, உணவுக்கு முன்பாக, பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஆசி கூறுவார்கள். ஆண் பிள்ளைகளுக்கு, 'எப்பிராயீமைப் போலவும் மனாசேயைப் போலவும் கடவுள் உன்னை ஆக்குவாராக' என்பது அந்த வாசகம். இவர்கள் இருவரும் யோசேப்புக்கு எகிப்தில் பிறந்த மகன்கள். என் சொந்த மகன்களான ரூபனும் சிமியோனும் எப்படியோ அப்படியே இவர்களும் என் பிள்ளைகள் என்று தாத்தா யாக்கோபு ஏற்றுக்கொண்டதாக பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் 48ஆம் அதிகாரம் சொல்கிறது. அவனுடைய அப்பா இதை எனக்கு விளக்கியபோது அவர் குரல் தழுதழுத்தது. சிறுவயதில் தம் தந்தையிடம் வாரந்தோறும் கேட்ட அதே சொற்களை, இந்த மகனுக்குச் சொல்லும்போதுதான் முழுதாகப் புரிந்துகொண்டதாகச் சொன்னார். தலையைத் தொட்டால் குழந்தை கழுத்தைச் சுருக்கிக்கொள்வான் என்பதால், முதல் சில மாதங்கள் அவர் முதுகில் கைவைத்தே ஆசி கூறினார்.

மேசையில் ஹல்லா என்னும் பின்னல் ரொட்டிகள் இரண்டு, துணியால் மூடி வைக்கப்பட்டிருக்கும். யூதர்களின் முன்னோருக்குப் பாலைவனத்தில் ஓய்வுநாளுக்கென முந்தைய நாளே இரட்டிப்பாகக் கிடைத்த மன்னா என்னும் உணவின் நினைவாகத்தான் இரண்டு. பாட்டி பிசையும் மாவில் ஓர் உருண்டையை அவனிடம் கொடுப்பார். அவன் உருட்டி, அமுக்கி, ஒரு முறை தரையிலும் போட்டெடுத்த அந்த உருண்டை வெந்தபின் மூன்றாவதாக மேசைக்கு வரும். பெரிய ரொட்டிகளின் மேல் பாட்டியின் பூவேலைத் துணி. சின்னதின் மேல் அவனுடைய மஞ்சள் துணி. அதை அங்கே போர்த்தியவன் அவனேதான், யாரும் எடுக்கவில்லை. முதல் வீட்டின் நினைவை மறைக்காமல் மேசையிலேயே இடம் கொடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது.

மூவர் கொண்ட சமய மன்றத்தின் முன்பாக, மிக்வே என்னும் நீர்நிலையில் மூழ்கச் செய்து அவனை முறைப்படி யூதனாக்குவதற்கும் அவர்கள் அவசரப்படவில்லை. ஒரு நொடியாவது முழுதும் நீருக்குள் இருக்க வேண்டும் என்பதால், குளியல் தொட்டியில் மாதக்கணக்கில் விளையாட்டாகவே பழக்கினார்கள். பதின்மூன்று வயதில் இதை ஏற்கவோ மறுக்கவோ அவனுக்கு உரிமை உண்டு என்பதையும் அம்மா சொன்னார். ஏற்றுக்கொண்டால் மகிழ்ச்சி, மறுத்தாலும் வெள்ளிக்கிழமை மேசையில் அவன் நாற்காலி இருக்கும் என்றார்.

போன வாரம் நான் சென்றபோது அவன் நாற்காலியில் ஏறி நின்று தன் கண்களை மூடிக்கொண்டிருந்தான். விரல்களை நன்றாக விரித்து வைத்திருந்தான்.