முழுத் தைராய்டையும் எடுத்தவருக்கு: எல்லோருக்கும் கால்சியமா, பாராதைராய்டு ஹார்மோன் (பி.டி.எச்.) அளவைப் பார்த்தா?

கத்திமுனை
எல்லோருக்கும் கொடுத்தனுப்புங்கள், அதுதான் என் கட்சி. தைராய்டின் பின்புறம் ஒட்டியிருந்து, பி.டி.எச். சுரந்து ரத்தக் கால்சியத்தைத் தாங்கும் பாராதைராய்டுச் சுரப்பி ஒவ்வொன்றும் அரிசி மணி அளவு. அதற்கு ரத்தம் வருவது பெரும்பாலும் கீழ்த் தைராய்டு தமனியின் நூலிழைக் கிளையில். சுரப்பியைத் தொடாமல் விட்டாலும் அந்தக் கிளை போனால் போச்சு. புற்றுக்காக நடுக்கழுத்து நெறிக்கட்டிகளையும் வழித்தெடுத்தால், கீழ்ச் சுரப்பி இரண்டும் கொழுப்போடு கொழுப்பாக வெளியே வந்துவிடும் ஆபத்து வேறு. கால்சியம் அடிமட்டத்துக்கு இறங்குவது இரண்டு முதல் நான்காம் நாளில். ஆள் அதற்குள் வீட்டில் இருப்பார். கால்சியம் கார்பனேட், அதிலுள்ள கால்சியத்தை மட்டும் எண்ணும் தனிமக் கணக்கில் 500 மி.கி., மூன்று வேளை. இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள்.

ஆய்வகப்பித்தன்
பி.டி.எச். எதற்கு இருக்கிறது? ரத்தத்தில் அதன் அரை ஆயுள் சில நிமிடம்தான். தையல் போட்ட சில மணி நேரத்திலேயே நிலவரம் தெரிந்துவிடும். மி.லி.க்கு 15 பிகோகிராமுக்கு மேல் இருப்பவருக்குக் கால்சியம் கடுமையாக இறங்குவது அபூர்வம். அவருக்கு எதற்கு மலச்சிக்கல்? இன்னொன்று: கால்சியமும், எடுத்த தைராய்டுக்கு ஈடாகத் தரும் தைராக்ஸினும் ஒரே வாயில் போனால் தைராக்ஸின் சரியாக ஏறாது. தைராக்ஸின் போதாதபோது ஏறும் டி.எஸ்.எச். ஹார்மோன் உயரும், நீங்கள் தைராக்ஸினை 25 மைக்ரோகிராம் கூட்டுவீர்கள். பிறகு கால்சியத்தை நிறுத்தியதும் படபடப்பு, கைநடுக்கம்.

கத்திமுனை
நான்கு மணி நேரம் இடைவெளி விடச் சொன்னால் தீர்ந்தது. உங்கள் 15 எந்தக் கருவியின் 15? கருவிக்குக் கருவி அளவு மாறும். முடிவு மறுநாள் மாலைதான் கைக்கு வரும் இடத்தில் அதை வைத்து என்ன செய்வது?

வார்டுவாசி
இருவரும் மாத்திரைக்குள் நுழையவே இல்லை. கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். கூடவே அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல் எழுதிவிட்டு, 'கால்சியம் ஏறவில்லை' என்றால் எப்படி? கால்சியம் சிட்ரேட்டுக்கு மாற்றுங்கள். பி.டி.எச். அடியோடு இல்லையென்றால் சிறுநீரகம் வைட்டமின் டி-யைச் செயல்வடிவுக்குக் கொண்டுவராது, அந்தச் செயல்வடிவமான கால்சிட்ரையால் 0.25 முதல் 0.5 மைக்ரோகிராம் வரை, இரு வேளை சேருங்கள். அது வேலை காட்டவே ஓரிரு நாள் ஆகும். மெக்னீசியம் குறைந்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் கால்சியம் நிமிராது.

உதட்டைச் சுற்றி, விரல் நுனியில் மதமதப்பா என்று கேளுங்கள். கன்னத்தைத் தட்டி உதடு துடிக்கிறதா என்று பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். கால்சியம் சரியாக இருப்பவர்களிலும் பத்தில் ஒருவருக்குத் துடிக்கும். கை இழுத்துக்கொண்டால் 10% கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி., 50 மி.லி. டெக்ஸ்ட்ரோஸில் கலந்து 10 நிமிடத்தில், ஈ.சி.ஜி. பார்த்தபடி. ஊசி ரத்தக்குழாயை விட்டு விலகிக் கசிந்தால் தோல் வெந்துபோகும்.

ஆய்வகப்பித்தன்
கால்சிட்ரையால் பி.டி.எச். இறங்கியவருக்குச் சரி. நன்றாக இருப்பவருக்கும் அள்ளிக் கொடுத்தால், மயங்கிக் கிடந்து விழிக்கும் சுரப்பியை மறுபடி தூங்க வைப்பீர்கள். ஆறு மாதம் கழித்து, நிரந்தரக் குறைபாடா, மாத்திரை அமுக்கியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கத்திமுனை
கால்சிட்ரையால் எல்லோருக்கும் என்று நான் சொல்லவில்லை, கால்சியம் மட்டும்தான். அன்றே முடிவு வரும் இடமென்றால் உங்கள் வழி சரி. நெறிக்கட்டி வழித்தவருக்கு மட்டும் முடிவுக்காகக் காத்திருக்க மாட்டேன். முதல் வேளை அன்றிரவே.