கடையில் ஆள் எடுப்பதை வைத்து ஊர் நிலவரத்தைக் கணிக்கலாமா?

காதர்பேட்டைக்காரன்:
திருப்பூரில் 18 வருடமாக ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஊர் செழிப்பாக இருக்கிறதா என்று தெரிய ஏற்றுமதிப் புள்ளிவிவரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், கடைகளில் எத்தனை பேர் வேலைக்கு நிற்கிறார்கள் என்று பார்த்தால் போதும் என்பது என் கட்சி. பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம் போட்டால் ஞாயிற்றுக்கிழமை அந்தக் காசு கடைவீதிக்கு வந்துவிடும். தீபாவளி போனஸை நம்பித்தான் முதலாளிகள் ஒரு மாதம் முன்பே தற்காலிக ஆட்களைச் சேர்ப்பார்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா எங்கள் பனியன் உட்பட இந்தியச் சரக்குக்கு 50 சதவீதக் கூடுதல் வரி போட்டது. அந்தத் தீபாவளிக்கு எங்கள் கடையில் வழக்கத்தில் பாதி ஆட்களைத்தான் எடுத்தார்கள்.

தேரிக்காடு:
அண்ணா, திருப்பூருக்குச் சரியாக இருக்கலாம். நான் தூத்துக்குடி மாவட்டம் உடன்குடிப் பக்கம். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் சென்னை தி.நகர் கடைகளில் நிற்கிறார்கள், கடை கொடுக்கும் விடுதியிலேயே படுக்கை. அந்த வேலையெல்லாம் சென்னைக் கணக்கில் ஏறும். இங்கே மழை பொய்த்து முருங்கையும் பனையும் கைவிட்டால்தான் அதிகம் பேர் பஸ் ஏறுகிறார்கள். சென்னையில் கடை ஆட்கள் கூடினார்கள் என்றால் எங்கள் ஊர் வற்றியது என்றும் அர்த்தம் இருக்கிறது. 2020 ஊரடங்கில் வேலை போனவர்கள் தள்ளுவண்டியில் காய்கறி விற்றார்களே, அதையும் சில்லறை வணிகம் வளர்ந்தது என்பீர்களா?

காதர்பேட்டைக்காரன்:
தள்ளுவண்டியை ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்னது சம்பளத்துக்கு நிற்பவர்களைத்தான். ஆனால் தி.நகரில் வாங்க ஆள் வராவிட்டால் உங்கள் ஊர்ப் பிள்ளைகளை யார் வேலைக்கு எடுப்பார்கள்?

பேரேடு:
இருவரும் வேறு வேறு ஆட்களை எண்ணுகிறீர்கள். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில், அப்பாவின் மளிகைக்கடையில் சம்பளம் இல்லாமல் பொட்டலம் மடிக்கும் மகனும் வேலையில் இருப்பவன்தான். வாராந்திரக் கணக்கில் அந்த வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் உழைத்தாலே போதும். 2025 ஏப்ரல் மாதத்திலிருந்து மாதாமாதம் அந்தக் கணக்கு வருகிறது, நல்ல விஷயம். ஆனால் கடை வைத்திருப்பவர், சம்பளமில்லாமல் கடையில் உதவும் வீட்டு ஆள், சம்பளக்காரர் மூவரையும் பிரிக்காமல் மொத்தத்தைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அப்புறம், கைபேசியில் வாங்கும் புடவையை வீட்டுக்குக் கொண்டுவரும் கூரியர் பையன் போக்குவரத்துப் பிரிவில் சேர்கிறான். வியாபாரம் குறையாமலே கடை வேலை மட்டும் குறைந்ததாகத் தெரியும்.

தேரிக்காடு:
சம்பளக்காரர்களை மட்டும் எண்ணினாலும் முழுசாகத் தெரியாது. என் தங்கை ஒரு கடையில் மூன்று வருடம் இருந்தாள். காலை 9 மணிக்கு நின்றால் இரவு 10 வரை நிற்க வேண்டும், கால் வீங்கித்தான் ஊர் திரும்பினாள். கடையில் உட்கார ஒரு இருக்கை கொடுங்கள் என்று 2021-ல் தமிழக அரசு சட்டம் திருத்த வேண்டியிருந்தது. இரண்டு பேர் வேலையை ஒருத்தி பார்க்கும்போது ஆள் எண்ணிக்கையில் என்ன தெரியும்? நேரத்தையும் கூலியையும் சேர்த்துக் கேளுங்கள்.

காதர்பேட்டைக்காரன்:
இது என்னை யோசிக்க வைக்கிறது. ஆள் பாதி என்றேனே, அந்தத் தீபாவளிக்கு இருந்தவர்கள் இரவு 11 மணி வரை நின்றார்கள். அந்த நேரத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. வியாபாரம் நான் நினைத்த அளவுக்கு விழவில்லையோ என்னவோ, பழைய பேரேட்டைப் பார்க்க வேண்டும். ஆனாலும் தீபாவளிக்கு முந்தின மாதம் யாரைச் சேர்க்கிறார்கள் என்பது எங்கள் ஊருக்கு முன்கூட்டியே கிடைக்கும் சேதி, அதை நான் விடமாட்டேன். இந்த வருடம் ஆள் எண்ணிக்கையோடு நின்ற நேரத்தையும் எழுதி வைக்கிறேன். உங்கள் தெருவில் எத்தனை பேர் பஸ் ஏறினார்கள் என்று நீங்களும் எழுதுங்கள் தம்பி, தை மாதம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

தேரிக்காடு:
சரி அண்ணா. போன மாதம் மட்டும் ஏழு பேர் கிளம்பினார்கள். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.