அமெரிக்க டிவிடி செட் இங்கே ஓடலை, என்ன செய்யலாம்?

கேள்வி (காட்பாடி): 'தி ஆபீஸ்' அமெரிக்கத் தொடர், 2-வது சீசன், 4 டிஸ்க், 22 எபிசோடு. அட்டையில் ரீஜன் 1 (எந்த நாடுகள்ல ஓடணும்னு போடுற பகுதி எண்). டிவிடி பிளேயர் 'ரீஜன் தப்பு'ன்னு நிறுத்திடுது. லேப்டாப்பில் ஓடுது, ஆனா 3-வது டிஸ்க் நடுவுல நிக்குது.

பதில் (குடியாத்தம்): இந்தியா ரீஜன் 5, அதான். சில பிளேயர்ல டிரேயைத் திறந்து வெச்சு ரிமோட்ல ஒரு எண் அடிச்சா பூட்டு விலகும். எண் மாடலுக்கு மாடல் வேற. லேப்டாப்ல விண்டோஸ் ரீஜன் மாத்தவான்னு கேட்டா அவசரப்பட்டு ஓகே அடிக்காதீங்க. 5 தடவைதான், அப்புறம் கடைசியா வெச்சதுலயே டிரைவ் பூட்டிக்கும். விஎல்சி (இலவச வீடியோ மென்பொருள்) பெரும்பாலும் மாத்தாமலே ஓட்டிடும்.

பதில் (வேலூர்): எப்பவும் ஒரே இடத்துல அரை நொடி நின்னு தானா ஓடினா, அது டிஸ்க்குல தகவல் பதிஞ்ச 2-வது அடுக்குக்கு லேசர் மாறுற இடம். பழுதில்லை. அப்படியே உறைஞ்சா கைரேகை, இல்ல கீறல். மைக்ரோஃபைபர் துணியால நடு ஓட்டையிலேருந்து விளிம்புக்கு நேரா துடைங்க. வட்டமா தேய்ச்சா புதுக் கீறல் டிராக் (தகவல் பதிஞ்ச சுருள் கோடு) போற திசையிலயே விழும், பிளேயரோட பிழைதிருத்தம் அதைத் தாங்காது. கண்ணாடி மேல படுக்க வெச்சும் பாருங்க. நம்ம ஊர் மே மாச வெயில்ல காருக்குள்ள கிடந்த டிஸ்க்னா விளிம்பு தூக்கிக்கும். வளைஞ்சதைத் துடைச்சுப் பயனில்லை.

பதில் (ஆற்காடு): ரீஜன் சரியானாலும் பழைய குண்டு டிவின்னா படம் கறுப்பு வெள்ளையா உருளலாம். டிஸ்க் என்டிஎஸ்சி (NTSC, அமெரிக்க டிவி முறை), டிவி பால் (PAL, நம்ம ஊர் டிவி முறை). பிளேயர் செட்டப்ல 'பால்'னு மாத்திப் பாருங்க.