நிலுவைப் பக்கம்: சொல்லை எந்த நிலைக்கு வைப்பது?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

புதுச்சேரிக் கல்லூரியொன்றின் கணினிக்கூடத்தில் கண்டறியப்பட்ட தரவுச் சிதைவுப் பிழைக்கான திருத்தக் குறிப்பைத் தமிழில் எழுதும்போது, ‘டர்ட்டி பேஜ்’ (கணினியின் நினைவகத்தில் மாற்றப்பட்டு, சேமிப்பகத்தில் இன்னும் எழுதப்படாத தரவுப் பக்கம்) என்பதை ‘நிலுவைப் பக்கம்’ என்று வழங்கலாம் எனக் கடலூர் அன்பர் முன்மொழிந்திருக்கிறார். ‘அழுக்குப் பக்கம்’ என்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் ‘நிலுவை’ என்ற சொல்லை இங்கே செலவிட்டுவிட்டால், பிழை உண்மையில் ஒளிந்திருந்த நிலையைச் சுட்ட நம்மிடம் சொல் இல்லாமல் போகும். ஆகவே அந்தப் பிழையின் போக்கைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கூடத்து மாணவர்களின் கோப்புகள் எல்லாம் ஒரே வழங்கியில் (சர்வரில்) இருக்கின்றன. மின்தடையால் வழங்கி மட்டும் அணைந்து மீண்டெழுந்த வேளைகளில் எழுதப்பட்ட கோப்புகள் சிலவற்றின் நடுவே, 4096 பைட்டின் மடங்குகளாக, வெறும் சுழியங்கள் காணப்பட்டன. எழுதிய கணினியிலேயே திறந்தால், பக்கங்கள் அதன் நினைவகத்தில் எஞ்சியிருந்தமையால், கோப்பு பழுதின்றித் தெரிந்தது. பக்கத்துக் கணினியில் திறந்தபோதுதான் இழப்பு வெளிப்பட்டது. குற்றம் நெடுநாள் வட்டின் மேல் சுமத்தப்பட்டதற்கு இதுவே காரணம்.

பிணையம் வழியே கோப்புகளைப் பகிரும் நெறிமுறையான என்.எஃப்.எஸ்.-இன் இரண்டாம் பதிப்பில் (இணைய நெறிமுறை ஆவணம் ஆர்.எஃப்.சி. 1094, 1989) வழங்கி தரவை நிலையான சேமிப்பகத்தில் எழுதிய பின்னரே மறுமொழி தர வேண்டும்; எனவே பக்கத்துக்கு இரண்டே நிலைகள்: இன்னும் எழுதப்படாதது, வட்டில் சேர்ந்தது. 1995-இல் ஆர்.எஃப்.சி. 1813 வரையறுத்த மூன்றாம் பதிப்பு, விரைவின் பொருட்டு, வழங்கி தரவைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டே ‘பெற்றேன்’ என்று சொல்ல இடம் தந்தது. பின்னர் கிளையண்ட் (கோப்பை எழுதும் கணினியின் மென்பொருள்) ‘கமிட்’ ஆணை அனுப்பும்போதுதான் அது வட்டில் சேர்ந்தாக வேண்டும். இரண்டு மறுமொழிகளோடும் வழங்கி 8 பைட் ‘வெரிஃபையர்’ ஒன்றை அனுப்பும். எழுதியபோது வந்ததும் கமிட்டின்போது வந்ததும் வேறுபட்டால், இடையில் வழங்கி தன் நினைவை இழந்திருக்கலாம் என்று கொண்டு, கிளையண்ட் அந்தத் தரவை மறுபடி அனுப்ப வேண்டும்.

நம் கிளையண்ட் அந்த வெரிஃபையர் குறியைக் கோப்புக்கு ஒன்றாக மட்டுமே வைத்திருந்தது. வழங்கி மீண்டெழுந்த பின் அனுப்பிய முதல் பக்கத்தின் மறுமொழி, பழைய குறியை அழித்துப் புதியதை அங்கே எழுதிவிட்டது. அடுத்து வந்த கமிட் மறுமொழியின் குறி அதனோடு சரியாகப் பொருந்தவே, மின்தடைக்கு முன் அனுப்பியிருந்த பக்கங்களும் வட்டில் சேர்ந்துவிட்டதாகக் கணக்கு முடிக்கப்பட்டது. பிழைச்செய்தி எதுவும் எழவில்லை. ஒவ்வொரு பக்கத்தோடும் அதற்குரிய குறியைச் சேர்த்துவைப்பதே திருத்தம். லினக்ஸ் கருனியின் (கெர்னலின்) கிளையண்ட்டும் எழுதும் கோரிக்கை ஒவ்வொன்றுடனும் குறியைத் தனித்தனியே வைத்துக்கொள்கிறது.

ஆக, பெயர் வேண்டிய நிலைகள் மூன்று: இன்னும் அனுப்பாதது, வழங்கி பெற்றும் வட்டில் சேர்க்காதது, வட்டில் சேர்ந்தது. நடுவில் உள்ளதே சிக்கலானது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தைப் பெற்றுக்கொண்டு, சரிபார்ப்பு முடியும்வரை பதிவெண் தராமல் நிலுவை எண் கொடுத்து வைப்பதைக் கடலூர்ப் பக்கம் நிலம் வாங்கியவர்கள் அறிவார்கள். பத்திரம் நம் கையைவிட்டுப் போய்விட்டது, ஆனால் இன்னும் பதிவாகவில்லை. வழங்கி பெற்றுக்கொண்டு வட்டில் சேர்க்காத பக்கத்தின் நிலை அதுவேயாதலால், ‘நிலுவைப் பக்கம்’ என்பதை அதற்கே உரியதாக்க வேண்டுகிறேன்.

அப்படியானால் ‘டர்ட்டி பேஜ்’ என்னாவது? ‘எழுதாப் பக்கம்’ என்றால் வெற்றுத்தாள் என்றே காதில் விழும். ‘அனுப்பாப் பக்கம்’ பிணையத்துக்குப் பொருந்தினாலும், உள்வட்டில் எழுதும் கோப்பு முறைமைக்குப் பொருந்தாது. ‘திருத்திய பக்கம்’ இரண்டுக்கும் பொருந்துவதோடு, திருத்தியது இந்தக் கணினிதான் என்பதையும் குறிப்பால் உணர்த்துகிறது. ‘மாறிய பக்கம்’ என்றால் வழங்கியில் மாறியதோ என்ற ஐயம் எழும். கமிட் முடிந்ததை ‘நிலைத்த பக்கம்’ எனலாம். இதில் மாற்றுக் கருத்து இருக்காது என்று நினைக்கிறேன்.

‘வெரிஃபையர்’ என்பதைச் ‘சரிபார்ப்பான்’ ஆக்குவதை நான் ஏற்கவில்லை, ஏனெனில் அது எதையும் சரிபார்ப்பதில்லை. ‘தொடக்கக் குறி’ என்ற பரிந்துரை அழகியதுதான். பல வழங்கிகள் தாம் தொடங்கிய நேரத்தையே அதில் இடுவதும் உண்மை. எனினும் உள்ளே என்ன இருக்கிறது என்று கிளையண்ட் ஆராயக் கூடாது, சமமா இல்லையா என்று மட்டுமே பார்க்க வேண்டும் என்பது விதி. ஆதலால் ‘ஒப்பீட்டுக் குறி’ என்பதே என் தேர்வு.

இவற்றைக் கொண்டு திருத்தக் குறிப்பின் முதல் வாக்கியத்தை இவ்வாறு அமைத்திருக்கிறேன்: “நிலுவைப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் அதன் ஒப்பீட்டுக் குறியைத் தனியே வைத்து, கமிட் மறுமொழியின் குறியோடு பொருந்தாதவற்றை மீண்டும் திருத்திய பக்கங்களாக்கி அனுப்புக.” ‘கமிட்’ மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது. ‘நிலைப்படுத்து’ என்று இடலாமா, அல்லது தரவுத்தளத்தார் வேறு பொருளில் அதை ஆள்கிறார்களா என்பதை அத்துறையினர் தெரிவித்தால், அதன்பின் குறிப்பை இறுதியாக்கலாம்.