குடில் பெட்டி யார் வீட்டில்?

வாட்ஸ்அப் குழு: பள்ளிக்கூடத் தெரு குடும்பம், தூத்துக்குடி
14 டிசம்பர், ஞாயிறு

செல்வி டீச்சர் (காலை 9:12): பூசை முடிந்து வந்தவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். 23-ஆம் தேதி அரையாண்டுப் பரீட்சை முடிகிறது. அன்று மதியமே கிறிஸ்துமஸ் விழா என்று சிஸ்டர் சொல்லிவிட்டார்கள். பள்ளி ஸ்டோர் ரூமில் கிறிஸ்துமஸ் குடிலுக்கான சுரூபங்கள், குழந்தை இயேசு, ராஜாக்கள், ஒட்டகம் எல்லாம் வைத்திருந்த தகரப் பெட்டியைக் காணவில்லை. லூர்து டீச்சர் வீட்டில் இருக்குமோ?

விக்டர் எலக்ட்ரிக்ஸ்: மாடியில்

விக்டர் எலக்ட்ரிக்ஸ்: வெள்ளத்தப்போ ஏற்றினது

முத்துலட்சுமி அக்கா: டீச்சர், விழாவில் எங்கள் பிள்ளைக்கு என்ன வேஷம், சம்மனசா (தேவதூதர்), இடையனா? டெய்லரிடம் கொடுக்கணும், அவர் இப்பவே நாள் சொல்கிறார்.

ஃபாத்திமா அக்கா: மாடியில்தான். நானும் லூர்து டீச்சரும்தான் கொண்டுபோனோம். தெருவில் பெட்டி தானாகவே மிதந்து வந்தது, பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். படியேறும்போதுதான் கனம் தெரிந்தது. ஒவ்வொரு படிக்கும் டீச்சர் "பார்த்து, உள்ளே பிள்ளை இருக்கு" என்பார்கள்.

செல்வி டீச்சர்: போன வருடம் விழா முடிந்ததும் அங்கேயே திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள் போல. ஸ்டோர் ரூமில் இன்னும் ஓதம் போகவில்லை.

ராஜன் மாமா: மக்களே, ஒரு விஷயம் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். முதன்முதலில் குடில் வைத்தவர் அசிசி பிரான்சிஸ். 1223-இல், இத்தாலியில் கிரெச்சோ என்ற ஊரில். உயிருள்ள மாடு, கழுதை, தீவனத் தொட்டியில் வைக்கோல், அவ்வளவுதான். 2023-இல் குடிலுக்கு 800 வயது. அதைப் பெரிதாகக் கொண்டாட வேண்டும் என்று நானும் லூர்து டீச்சரும் ஜூனிலேயே பேசி வைத்திருந்தோம். டிசம்பர் 17, 18-இல் மழை வந்து எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது. காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர். ஒரு வருடத்து மழை ஒரே நாளில். அந்த வருடம்தான் நம் பள்ளியில் குடில் இல்லை.

சகாயம் அண்ணாச்சி: ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றதே, அதில் என் மச்சான் இருந்தான்

முத்துலட்சுமி அக்கா: அய்யோ, ஆமா. அந்த ஊர்க்காரர்கள்தானே சோறு பொங்கிப் போட்டார்கள்.

சகாயம் அண்ணாச்சி: இன்னும் அந்த வீட்டுக்காரர்களுக்கு மக்ரூன் வாங்கிக் கொடுக்கிறான், வருடா வருடம்

விக்டர் எலக்ட்ரிக்ஸ்: மாமா, பெட்டி

ஃபாத்திமா அக்கா: குடில் இல்லை என்று சொல்லாதீர்கள் மாமா. 24 ராத்திரி கரண்ட் இல்லை. டீச்சர் பிள்ளையை மட்டும் வெளியே எடுத்து மாடிப்படியில் ஒரு துண்டை மடித்து அதன் மேல் வைத்தார்கள். பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி. தெரு முழுக்கப் படியில் நின்று பாடினோம். என் மகன் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ராஜன் மாமா: உண்மைதான். நான் சொன்னது தவறு.

செல்வி டீச்சர்: மாடிச் சாவி யாரிடம்? மேரி, நீ இருக்கிறாயா?

மேரி: என்னிடம் கீழ்வீட்டுச் சாவிதான். மாடி அக்காவிடம்.

செல்வி டீச்சர்: ஜெனி மதுரையில்தானே? இந்தக் குழுவில் இருக்கிறாள் அல்லவா?

மேரி: இருக்கிறாள். அம்மாவின் முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு பேசவில்லை.

மேரி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சகாயம் அண்ணாச்சி: படிச்சாச்சு மக்களே. விடு, எல்லா வீட்டிலும் உள்ளதுதான்.

டேனி கப்பல்: ஒட்டகம் பத்திரம். கால் நான் ஒட்டினது, எம்-சீல்

டேனி கப்பல்: 5-ஆம் வகுப்பில் உடைத்ததும் நான்தான்

விக்டர் எலக்ட்ரிக்ஸ்: சீரியல் செட் இந்த வருடமும் நம் கடைதான். லூர்து டீச்சர் வீட்டு கேட்டில் நட்சத்திரம் கட்டவா?

ராஜன் மாமா: துக்க வீடு. அக்டோபரில்தானே போனார்கள். ஒரு வருடத்துக்கு நட்சத்திரம் கட்டுகிற வழக்கம் இல்லை.

சகாயம் அண்ணாச்சி: அந்தம்மா வீட்டில் நட்சத்திரம் இல்லை என்றால் தெருவுக்கே டிசம்பர் இல்லை

ராஜன் மாமா: வழக்கம் என்று ஒன்று இருக்கிறது சகாயம்.

விக்டர் எலக்ட்ரிக்ஸ்: பொதுவாகப் போஸ்டில் கட்டலாமே

ராஜன் மாமா: பார்ப்போம்.

செல்வி டீச்சர்: இன்னொரு விஷயம். 23-ஆம் தேதியே குழந்தை இயேசுவைக் குடிலில் வைத்துவிடலாம், பிள்ளைகள் லீவில் போய்விடுவார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. லூர்து டீச்சர் இருந்தவரை ஒருநாளும் அப்படி வைத்ததில்லை. விழா அன்று தொட்டி காலியாகத்தான் இருக்கும். ஒரு நல்ல காரியம் செய்த பிள்ளை ஒரு வைக்கோல் போடும். யாருக்கும் தெரியாமல் செய்திருக்க வேண்டும், வெளியே சொன்னால் வைக்கோல் கிடையாது. 24 ராத்திரி தெருப்பிள்ளைகள் வந்து பிள்ளையை வைப்பார்கள். மூன்று ராஜாக்கள் அலுவலக அறை வாசலில் கிளம்பி, நாளுக்கொரு தூணாக நகர்ந்து, பள்ளி திறந்த பிறகு ஜனவரி 6-ஆம் தேதிதான் குடிலுக்கு வந்து சேர்வார்கள். லீவில் அவர்களை நகர்த்த டீச்சர் தினமும் பள்ளிக்கு வருவார்கள். எனக்கு இதை மாற்ற மனசே வரவில்லை.

ஃபாத்திமா அக்கா: மாற்றாதீர்கள். லீவில் ராஜாக்களை நான் நகர்த்துகிறேன்.

முத்துலட்சுமி அக்கா: நானும் வருகிறேன்.

டேனி கப்பல்: வைக்கோல் போட ஜெபா பாட்டியின் கோழிக்கூட்டைத் திறந்து மூடினது ஞாபகம்

சகாயம் அண்ணாச்சி: அதில் ரெண்டு கோழி காணாமப் போச்சுலே

செல்வி டீச்சர்: குடிலில் பச்சையாக வைக்கக் கேழ்வரகு யார் ஊன்றுவது? இன்றைக்கு ஊறப்போட்டு நாளை காலையில் தூவினால்தான் 23-க்கு இரண்டு விரற்கடையாவது வரும்.

ஃபாத்திமா அக்கா: சிரட்டை நான் தருகிறேன், 30 இருக்கிறது. 3-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுப்பார்களே, அது மாதிரியே செய்யலாம்.

முத்துலட்சுமி அக்கா: சம்மனசா, இடையனா, யாராவது சொல்லுங்கள்

செல்வி டீச்சர்: சம்மனசு. சிறகு தெர்மாகோல் வேண்டாம் அக்கா, போன வருடம் நடந்தபோதே உடைந்துவிட்டது. அட்டையில் செய்யுங்கள்.

சகாயம் அண்ணாச்சி: மக்ரூன் எத்தனை கிலோ?

விக்டர் எலக்ட்ரிக்ஸ்: பிள்ளைக்கு ரெண்டு

சகாயம் அண்ணாச்சி: ரெண்டு வாயில் போட்டால் கரைஞ்சிடும். மூணு. சீனியும் முட்டை வெள்ளையும் பொங்க அடித்து முந்திரி போடுகிற கை நம்ம ஊருக்குத்தான் உண்டு, அதில் போய்க் கணக்குப் பார்க்காதீங்க.

ராஜன் மாமா: காசு யார் தருவது என்று முதலில் பேசுவோம்.

சகாயம் அண்ணாச்சி: சாயங்காலம் வாங்க மாமா, நேரில் பேசுவோம்

ஜெனி, மதுரை (மதியம் 1:40): இப்போதுதான் பார்த்தேன். மாடிச் சாவி என்னிடம்தான். 20-ஆம் தேதி சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். பெட்டியை நானே திறந்து தருகிறேன் டீச்சர். பிள்ளை சுரூபம் அம்மாவின் பழைய சேலைத் துணியில் சுற்றியிருக்கும். அந்தத் துணியை மட்டும் எனக்குக் கொடுத்துவிடுங்கள்.

செல்வி டீச்சர்: கண்டிப்பாக ஜெனி.

டேனி கப்பல்: ஜெனி அக்கா

ராஜன் மாமா: வா தாயி. எங்கள் வீட்டில் தங்கிக்கொள்.

மேரி: எதற்கு மாமா, வீடு இருக்கிறதே.

மேரி: அக்கா, மதியச் சாப்பாடு இங்கேதான்.

ஜெனி, மதுரை: சரி.

ஜெனி, மதுரை: துணியைப் பாதி நீ எடுத்துக்கொள்.

விக்டர் எலக்ட்ரிக்ஸ்: நட்சத்திரம்?

ராஜன் மாமா: பிள்ளைகள் ரெண்டு பேரும் வந்து சொல்லட்டும்.

ஜெனி, மதுரை: கேழ்வரகு ஊறப்போட்டாயா மேரி?

மேரி: போட்டாச்சு. அம்மாவின் ஈயச் சட்டியில்.