பெரிய வீட்டுக்கு ஏசி வாங்குமுன்

பங்காளிகளுக்கும் தாயபிள்ளைகளுக்கும் வணக்கம்.

செட்டிநாட்டில் இருக்கிற நம் பெரிய வீட்டின் வளவுக்கு, அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்துக்கு, எத்தனை டன் ஏசி வேண்டும் என்று துபாய் அண்ணன் போன வாரம் கேட்டிருந்தார். கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்திக்கு வருகிற பிள்ளைகள் வெக்கை தாங்காமல் மறுநாளே காரைக்குடி லாட்ஜுக்கு ஓடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் சித்திரையில் நான் ஒரு வாரம் அங்கே தங்கிப் பார்த்தேன். அந்த வெக்கையில் பாதி நாமாக வரவழைத்துக்கொண்டது.

முற்றத்துக்கு மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டோமே, அதைத்தான் சொல்கிறேன். குரங்குத் தொல்லைக்காக எல்லோரும் பணம் கொடுத்தோம், நானும்தான். பகலில் சேர்ந்த சூடு மேலே ஏறிப் போக முற்றம்தான் வழி. ராத்திரி அந்த வழியாகத்தான் குளிர்ந்த காற்றும் இறங்கும். அதை அடைத்துவிட்டதால் மத்தியானம் மூன்று மணிக்கு வளவில் நின்றால் வெயிலில் பூட்டி வைத்த காருக்குள் ஏறியது போல இருக்கிறது. வளவுக்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டு முற்றத்தில் ஷீட் இல்லை. அங்கே ராத்திரி பாய் விரித்துப் படுத்தேன், விடியற்காலையில் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். சிங்கப்பூரில் நாள் முழுக்க ஏசியில் கிடக்கிறவன் சொல்கிறேன், நம்புங்கள். ஷீட்டை எடுத்துவிட்டுக் கம்பி வலை போட்டால் குரங்கும் வராது.

அப்புறம் சுவர். முகப்பை அடுத்து இடுப்பளவுக்கு சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். தரையிலிருந்து ஏறுகிற ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே காய்ந்துகொண்டிருந்தது. சிமெண்ட் அதற்கு வழி விடாததால், பூச்சு முடிகிற கோட்டுக்கு ஒரு சாண் மேலே வந்து உப்புப் பூத்திருக்கிறது. விரலால் தொட்டேன், ஐயா காலத்து முட்டை வெள்ளைப் பூச்சு மாவாக உதிர்ந்தது. முகம் தெரிகிற சுவர் அது. ஆச்சி அதைச் சாய்ந்து உட்காரக்கூட விடமாட்டார்.

தெருவும் ஒரு காரணம். முகப்புக்கு ஐந்து படி இருந்தது நினைவிருக்கிறதா? ரோட்டுக்கு மேல் ரோடு போட்டு இப்போது மூன்றுதான் தெரிகிறது. முற்றத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியே ஊருணிக்குப் போனது போய், ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் அதே வழியாக உள்ளே வருகிறது. சுவர் எப்படிக் காயும்? வாய்க்காலைத் தூர்வார ஊராட்சியில் மனு கொடுக்க வேண்டும்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பார்க்க வருகிறவர்களுக்கு நாம் ஷீட்டையும் சிமெண்டையும் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஏசி வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வயதானவர்கள் படுக்க மாடியில் ஓர் அறைக்குப் போடுவோம். அத்தனை உயர வளவைக் குளிரவைக்க நினைத்தால் கரண்ட் பில் கட்டி மாளாது. 75 வாட் பழைய ஃபேன்களுக்குப் பதில் 30 வாட் அளவில் ஓடுகிற பிஎல்டிசி (கரண்ட் குறைவாக இழுக்கிற மோட்டார்) ஃபேன் வாங்கலாம். சோலாரை நாட்டு ஓட்டின் மேல் ஏற்றாமல் பின்கட்டு காங்கிரீட் தளத்தில் வைக்கலாம்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரிடம் பேசிவிட்டேன். தையில் பூச வேண்டுமென்றால் மார்கழியிலேயே சுண்ணாம்பை ஊறப்போட வேண்டுமாம், கடுக்காயும் கருப்பட்டியும் நாம் வாங்கித் தர வேண்டுமாம். மார்கழியில் ஊருக்குப் போகிறவர் யார்? பெட்டகச் சாவி வேண்டாம், முகப்புச் சாவி இருந்தால் போதும்.