ரா-வுல கூண்டு மேட்ச் வெச்சா புக்கிங் தெரியாதவனா? (டபிள்யூடபிள்யூஇ 2கே22 கேம், மைஜிஎம் மோட்: ரெஸ்லிங் ஷோவை நாமளே நடத்தற ஆட்டம்)

மிட்கார்ட்_மணி
நேத்து டிராஃப்ட் (ஷோவுக்கு ஆள் எடுக்கறது) பத்தின பேச்சுல ஒருத்தர் போற போக்குல ஒரு வரி போட்டுட்டு போயிருக்காரு, "வாராந்திர ஷோல ஹெல் இன் எ செல் வெக்கிறவனுக்கு புக்கிங்கே தெரியாது"ன்னு. புதுசா வர்றவங்களுக்கு: ஹெல் இன் எ செல்னா ரிங்கை சுத்தி கூரையோட பூட்டின கூண்டு மேட்ச், புக்கிங்னா எந்த ஷோல யாருக்கு என்ன மேட்ச்னு அடுக்கறது. பேர் சொல்லல, ஆனா அதுக்கு நேர் மேல என் சீசன் ஸ்க்ரீன்ஷாட்தான் இருந்துச்சு, யாருக்கு சொன்னாருன்னு எல்லாருக்கும் தெரியும். சரி, கேக்கறேன். 25 வார சீசன், நான் நடத்தறது ரா-ங்கிற வாராந்திர ஷோ, ரசிகர் எண்ணிக்கைல எதிர்ல இருக்கிற ஸ்மாக்டவுன் ஷோக்காரன் என்னைத் தாண்டிட்டான், எட்ஜ் - ரோலின்ஸ் பகை உச்சத்துக்கு வந்துருச்சு, அடுத்த பிபிவிக்கு (காசு கட்டிப் பாக்கற பெரிய ஷோ) இன்னும் வாரம் கெடக்கு. அதுவரைக்கும் ரெண்டு பேரையும் ப்ரோமோ ஸ்லாட்ல (சண்டை இல்லாம மைக்ல பேசறது) போட்டு உருட்டிட்டே இருக்கணுமா? ரா-வுலயே கூண்டை எறக்கினேன், ஸ்டார் ஏறுச்சு, ரசிகர் ஏறுச்சு. இதுல என்னங்க தப்பு?

கூண்டுக்காவலன்
எழுதினது நான்தான். பேர் சொல்லாம விட்டது மரியாதைக்கு, நீங்களே வந்து கைய தூக்கிட்டீங்க.

கூண்டு எதுக்கு வந்துச்சுன்னு தெரியுமா தம்பி? 1997 சம்மர்ஸ்லாம் பிபிவி, அண்டர்டேக்கர் - ப்ரெட் ஹார்ட் மேட்ச்ல ஷான் மைக்கேல்ஸ் ரெஃப்ரி. ப்ரெட்டை அடிக்க சேரை சுழட்டறான், அது டேக்கர் மண்டைல விழுது, டைட்டில் போச்சு. அதுக்கப்புறம் ஷான் கூட்டாளிங்களை சேத்துக்கிட்டு ஓடி ஒளியறான். இனி ஓடவும் முடியாது, எவனும் உள்ள வந்து காப்பாத்தவும் முடியாதுன்னு அக்டோபர்ல பேட் பிளட் பிபிவில கூண்டை எறக்கறாங்க. அப்படி பூட்டின கதவை கேன்ங்கிற வீரன் வந்து பிச்சு எறிஞ்சான் பாருங்க, அந்த ஒரு நொடிக்குத்தான் மொத்த கூண்டும். காரணம் இருந்துச்சு. உங்க கூண்டுக்கு என்ன காரணம்? "ஸ்மாக்டவுன் என்னைத் தாண்டிட்டான்". இது புக்கிங் இல்ல, பயம்.

சேர்ஷாட்
அண்ணே வரலாறு நல்லா இருக்கு, ஆனா பாதிலயே நிறுத்திட்டீங்க. 2021 ஜூன் 18, ரோமன் ரெய்ன்ஸ் - ரே மிஸ்டீரியோ, ஹெல் இன் எ செல், எங்க? வாராந்திர ஸ்மாக்டவுன்ல. ஞாயித்துக்கிழமை பிபிவிக்கு வெச்சிருந்த மேட்சை வெள்ளிக்கிழமைக்கு இழுத்துட்டு வந்தாங்க. 20ந் தேதி பிபிவில ரெண்டு கூண்டு, 21ந் தேதி ரா-வுல லாஷ்லி - சேவியர் வுட்ஸ் இன்னொரு கூண்டு. நாலு நாள்ல நாலு. கம்பெனிக்காரனே வெச்சா சரி, மணி வெச்சா புக்கிங் தெரியாதா?

கூண்டுக்காவலன்
2021 கணக்குலயே வராது. கொரோனா நேரத்து தண்டர்டோம் காலம். டாம்பால வெறும் அரங்கு, சுத்தி டிவி ஸ்க்ரீன்ல மூஞ்சிங்க. கூட்டமே இல்லாத இடத்துல கூண்டை எங்க எறக்கினா என்ன.

மிட்கார்ட்_மணி
கூட்டம் இல்லன்னா மேட்ச்சே இல்லையா! அப்போ 2020 ரெஸில்மேனியா 36 மொத்தமும் நடக்கலையா? அதுவும் ஆள் இல்லாமதான் நடந்துச்சு. உங்க தலைவர் டேக்கர் - ஏஜே ஸ்டைல்ஸ் போன்யார்ட் மேட்ச் அதுலதான, அதையும் கணக்குலருந்து எடுத்துடலாமா?

கூண்டுக்காவலன்
அது வேற.

சேர்ஷாட்
எப்படி வேற?

கூண்டுக்காவலன்
போன்யார்ட் சினிமா மாதிரி எடுத்தது, அதுக்கு கூட்டம் தேவையே இல்ல. கூண்டுக்கு கூட்டம் வேணும். ஏன்னா கூண்டு எறங்கறப்போ வர்ற சத்தம்தான் பாதி மேட்ச். தண்டர்டோம்ல அந்த சத்தம் ஸ்பீக்கர்ல வந்துச்சு. திரும்பவும் சொல்றேன், 2021 கணக்கு இல்ல.

புதுசு_007
நடுவுல ஒரு டவுட். ஸ்பெஷல் மேட்ச்னு எதை எதை சொல்றீங்க? டேபிள்ஸ் மேட்ச், எக்ஸ்ட்ரீம் ரூல்ஸ் எல்லாம் வாராவாரம் வெக்கலாமா, இல்ல கூண்டுக்கு மட்டும்தான் இந்த சண்டையா?

ரைலேண்ட்_பக்தன்
மூணு மேட்ச், ரெண்டு ப்ரோமோ. இதை அடுக்கறதுக்குப் பேர் புக்கிங்னு சொல்லிட்டு இவ்ளோ பெரிய சண்டை. டோட்டல் எக்ஸ்ட்ரீம் ரெஸ்லிங் ஆடிப் பாருங்கய்யா. மேட்ச் படமா ஓடாது, வெறும் எழுத்துதான். ஆனா உன் கம்பெனி எந்த மாதிரி ரெஸ்லிங் காட்டுது, பாக்க வர்றவன் எதை எதிர்பாக்கறான்னு அதுக்குன்னு தனிக் கணக்கு இருக்கு. ஒவ்வொரு மேட்சுக்கும் யார் எப்படி ஜெயிக்கணும், எவ்ளோ நேரம், நடுவுல யார் நுழையணும்னு நீ குறிப்பு எழுதி அனுப்பணும். அங்க கூண்டைப் போட்டு தப்பிக்க முடியாது.

மிட்கார்ட்_மணி
எக்செல் ஷீட்டு பாக்கறதுக்கு நான் ஆபீஸுக்கே போவேன் ப்ரோ.

ரைலேண்ட்_பக்தன்
ஆபீஸ்லயும் இப்படித்தான் வேலை செய்வீங்க போல.

சேர்ஷாட்
ஷீட்டு சண்டை அப்புறம். கூட்டம் வேணும்னு சொன்னீங்கல்ல, இந்தாங்க கூட்டம். 1998 ஆகஸ்ட் 24, ரா, மேன்கைண்ட் - கேன், ஹெல் இன் எ செல். அரங்கு நெறைய ஜனம், ஸ்க்ரீன் மூஞ்சி ஒண்ணுகூட இல்ல. வாராந்திர ஷோ. இப்ப என்ன சொல்றீங்க?

கூண்டுக்காவலன்
அது முடிவே வராத மேட்ச். நோ கான்டெஸ்ட். ஜெயிச்சவன் யாரு சொல்லு? யாரும் இல்ல. பாத்தியா, டிவில வெச்சா இப்படித்தான் ஆகும், நான் சொல்றதுக்கு நீயே சாட்சி கொண்டாந்து குடுக்கற. அதே வருஷம் ஜூன்ல கிங் ஆஃப் தி ரிங் பாரு, பிட்ஸ்பர்க்ல, பிபிவி. மேன்கைண்டை டேக்கர் மேலருந்து தூக்கிப் போட்டான், 20 அடி, நேரா அனவுன்சர் டேபிள் மேல. இன்னிக்கு வரைக்கும் உலகம் பேசுது. உன் ஆகஸ்ட் 24ஐ யார் பேசறான்?

ஏணி_ஏகாம்பரம்
20 அடி இல்ல, 16 அடி. 20 அடிங்கறது 2006ல செஞ்ச புது கூண்டு.

கூண்டுக்காவலன்
நாலு அடில என்னய்யா வந்துச்சு, விழுந்தவனுக்குத் தெரியும் வலி.

ஏணி_ஏகாம்பரம்
வரலாறு கத்துக் குடுக்கறேன்னு தம்பி தம்பின்னு பேசறவரு அளவை சரியா சொல்லணும்ல. 16 அடி.

கூண்டுக்காவலன்
உனக்கு ஏணி மேட்ச் தவிர எதுவும் பிடிக்காதுன்னு தெரியும். போன தடவை மனி இன் த பேங்க் ஏணி மேட்ச் பத்தி நான் ஒரு வார்த்தை சொன்னதுக்கு இன்னும் மனசுல வெச்சிருக்க. விஷயத்துக்கு வருவோம். எல்லாரும் நான் சொன்னதோட சாரத்தை விட்டுட்டு தேதியை பிடிச்சு தொங்கறீங்க. 2009ல ஹெல் இன் எ செல்னே ஒரு பிபிவி ஆரம்பிச்சு ஒரே ராத்திரில மூணு கூண்டு வெச்சான். டேக்கர் - பங்க் மேட்ச் அன்னிக்கு முதல் மேட்ச்! டைட்டில் மேட்சு, அதுவும் கூண்டுல, ஜனம் சீட்ல உக்காந்து முடிக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அன்னிலேருந்து பகை முத்துனதுன்னு கூண்டு வெக்கல, காலண்டர்ல மாசம் வந்துச்சுன்னு வெச்சாங்க. அதோட பலன் 2019ல தெரிஞ்சுது. ரோலின்ஸ் - ஃபீண்ட், கூண்டுக்குள்ள ரெஃப்ரி மேட்சை நிறுத்திட்டாரு. கூண்டுக்குள்ள! தினம் தினம் பிரியாணி தின்னா மூணாம் நாள் ரசம் சாதம் தேடும், அதான் நடந்துச்சு. கேம்லயும் அதே. ஸ்டாமினாவை உறிஞ்சுது, ஆளுக்கு அடிபடற சான்ஸ் ஏறுது, அடுத்த வாரம் உங்க எட்ஜ் களத்துல நிக்க முடியாம உக்காந்திருப்பான். அப்ப வந்து ஸ்க்ரீன்ஷாட் போடுங்க மணி, பாக்கறேன்.

மிட்கார்ட்_மணி
எட்ஜ் நல்லாத்தான் இருக்கான், ஒரு வாரம் ரெஸ்ட் குடுத்தேன். நீங்க இவ்ளோ நீளமா எழுதினதுல நான் கேட்ட ஒண்ணுக்கும் பதில் இல்ல. பிபிவி வரைக்கும் பகை உச்சத்துல நிக்குது, நான் என்ன வெக்கணும்?

கூண்டுக்காவலன்
காத்திருக்கணும்.

மிட்கார்ட்_மணி
காத்திருந்து தோக்கணும்?

கூண்டுக்காவலன்
தோத்தாலும் ஒழுங்கா தோக்கலாம். போன மாசம் என் வீட்டு சோபால உக்காந்து ரெண்டு பேர் ஆட்டம் ஆடினப்ப பின்னாடி போறோம்னு தெரிஞ்சதும் "வீட்ல கூப்பிடறாங்க"ன்னு பாதில எழுந்து போனது யாருன்னு இங்க சொல்ல வேணாம்னு பாக்கறேன்.

மிட்கார்ட்_மணி
நெஜமாவே கூப்பிட்டாங்க! அன்னிக்கு டிராஃப்ட்ல ரோமன், லெஸ்னர் ரெண்டு பேரையும் நீங்களே அள்ளிட்டு எனக்கு மிச்சத்தை தள்ளினதை யாரும் பேச மாட்டாங்க.

புதுசு_007
டேபிள்ஸ் மேட்ச் வாராவாரம் வெக்கலாமான்னு கேட்டேன்...

ரைலேண்ட்_பக்தன்
ரெண்டு பேர் பக்கத்துல உக்காந்தாதான் ஆட முடியும்ங்கிற கேம்ல வேற என்ன எதிர்பாக்கறது.

சேர்ஷாட்
சோபா கதைய வீட்ல பேசிக்கங்க. 2021 ஜூன் 18. ரோமன் ஜெயிச்சான், சுத்தமான முடிவு, வாராந்திர ஸ்மாக்டவுன். கூட்டம் இல்லன்னு ஒரு சாக்கு, முடிவு இல்லன்னு ஒரு சாக்கு. ரெண்டுல எது உங்க ரூல்னு மொதல்ல முடிவு பண்ணுங்க.

கூண்டுக்காவலன்
ரெண்டும்தான். கூட்டமும் வேணும், முடிவும் வேணும், பகையும் வேணும். இதைத்தான் மொதல்லருந்து சொல்றேன். 2021 கணக்கு இல்ல, எத்தனை தடவை கேட்டாலும் இதுதான் பதில்.

சேர்ஷாட்
மொதல்ல "வாராந்திர ஷோல வெக்கிறவனுக்கு புக்கிங் தெரியாது"ன்னுதான் சொன்னீங்க. கூட்டம் நேத்து வரைக்கும் லிஸ்ட்லயே இல்ல.

கூண்டுக்காவலன்
புரியறவனுக்கு எல்லாம் அந்த ஒரு வரிலயே இருந்துச்சு.

ஏணி_ஏகாம்பரம்
16 அடி. திருத்திட்டு போங்க.

மிட்கார்ட்_மணி
அடுத்த வாரமும் ரா-வுல கூண்டுதான் வெக்கப் போறேன். ஸ்க்ரீன்ஷாட் போடறேன், காவலரே, வந்து பாத்துட்டு போங்க.

கூண்டுக்காவலன்
போடு. மேட்ச் பேருக்குக் கீழ தண்டர்டோம்னும் எழுதிப் போடு.